கேக்கில் பூத்த காகித ரோஜா

போன ஞாயிறு பேத்தியின் பிறந்தநாள். கேக்கின் மேல் ஆறேழு சிவப்பு ரோஜாக்கள். "தாத்தா, இது பேப்பர்தான், ஆனா சாப்பிடலாம்" என்றாள். காகிதத்தைத் தின்னாதே என்று வகுப்பில் பிள்ளைகளைக் கண்டித்தே ஓய்வு பெற்றவன் நான்! வரலாற்று வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

வேஃபர் பேப்பர் என்று விற்பது உருளைக்கிழங்கு மாவுச்சத்து, தண்ணீர், கொஞ்சம் எண்ணெய், அவ்வளவே. இதழ் இதழாகக் கத்தரித்து, லேசாக ஆவி காட்டி வளைக்கிறார்கள். ஈரம் கூடினால் கரைந்துவிடும். க்ரீமில் நெடுநேரம் இருந்தாலும் துவண்டுவிடும். அதனால்தான் கடைசி நேரத்தில் செருகுகிறார்கள்.

இதன் பூர்வீகம் தேவாலயம். நம் ஊர் கத்தோலிக்கர்கள் ஓஸ்தி என்பார்களே, அதுதான். கோதுமை மாவும் தண்ணீரும் கரைத்து, இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே ஊற்றிச் சுடுவது. ஜெர்மன் மொழியில் இதற்கு ஓப்லாட்டன் என்று பெயர். 'காணிக்கையாக்கப்பட்டது' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நூரம்பெர்க்கில் லெப்கூகன் என்னும் இஞ்சி ரொட்டிக்கு அடியில் இதையே வைத்துச் சுட்டார்கள், மாவு தட்டில் ஒட்டாதிருக்க. ஜப்பானுக்குப் போனபோது மருந்துப் பொட்டலம் ஆயிற்று. 1902-இல் கோபயாஷி மசதாரோ என்ற மருத்துவர் அதை மெல்லிய, மிருதுவான தாளாக்கினார். கசப்புப் பொடியை அதில் மடித்து விழுங்கலாம். (நம் பக்கத்து ஆத்ரேயபுரத்துப் பூதரேகுலுவும் உண்ணும் தாள்தான். கவிழ்த்த பானையின் மேல் அரிசிக் கஞ்சியைத் தோய்த்து எடுப்பது. அது தனி வம்சம்.)

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது இன்னொரு கிளை. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கடிதங்களை ஒட்டவும் இதே மாவு வில்லைகள்தான். நாக்கில் நனைத்து ஒட்டுவார்கள். அழகுக்குச் சிவப்பு ஏற்றினார்கள். எதை வைத்து? சாதிலிங்கமும் ஈயச் செந்தூரமும்! ஒன்று பாதரசம், மற்றது ஈயம். மாவு உணவுதான், சாயம் விஷம்.

அது அந்தக் காலம் என்று நினைத்தேன். 2019-இல் அமெரிக்காவின் மிசௌரியில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது. தேடிப் போனால் பிறந்தநாள் கேக். அதன் பூ அலங்காரத்தில் தூவிய வண்ணப் பொடியில் 25 சதவீதம் ஈயம். இத்தகைய பொடிகள் சில பார்வைக்கு மட்டுமே ஆனவை. 'நான் டாக்ஸிக்' என்று டப்பாவில் போட்டிருந்தால் அது தின்பதற்கு என்று அர்த்தமில்லை. தின்னக்கூடியது என்றால் அதில் 'எடிபிள்' என்று இருக்க வேண்டும், சேர்மானப் பட்டியலும் இருக்க வேண்டும்.

இதைப் படித்த கையோடு கேக் செய்த பெண்ணுக்குப் போன் செய்தேன். பாவம், நல்ல பிள்ளை, உடனே பொடி டப்பாவைப் படமெடுத்து அனுப்பினாள். 'நான் டாக்ஸிக்' என்று மட்டுமே இருந்தது. எடுத்துவைக்கச் சொன்ன இரண்டு ரோஜா குளிர்பெட்டியில் மிச்சமிருந்தன. குப்பையில் போட்டுவிட்டேன். பேத்தி இன்னும் என்னோடு பேசவில்லை.