புது சிஸ்டரின் ஷிப்ட் கணக்கு

திருப்பூர்க்காரர்களுக்கு ஷிப்ட் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட்; பன்னிரண்டு என்றால் ஒன்றரை. 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் பனியன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. ஆனால் நம் வீட்டுப் பெண்கள் நர்ஸாகப் போகும் ஆஸ்பத்திரியின் ஷிப்ட் கணக்கு நமக்குத் தெரியுமா? வரலாறு படித்தவன் என்ற முறையில் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன்.

புதிதாகச் சேரும் நர்ஸ் படும் பாட்டுக்கு 1974-ல் அமெரிக்காவின் மார்லின் கிராமர் ‘நிஜத்தின் அதிர்ச்சி’ என்று பெயர் வைத்தார். படித்தது ஒன்று, வார்டில் நடப்பது வேறொன்று. இடையில் சிக்கியவர்கள் வேலையையே விட்டுப் போகிறார்கள் என்றார். என் அண்ணன் மகள் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில், "டியூட்டி முடிஞ்சு வந்தாலும் மானிட்டர் சத்தம் காதுல கேட்டுட்டே இருக்குதுங்க சித்தப்பா" என்பாள்.

தமிழகத்தில் இந்த அதிர்ச்சியோடு நிச்சயமின்மையும் சேர்ந்தது. 2012-ல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-ல் தேர்வு நடத்தி, 7,000-க்கும் மேற்பட்ட நர்ஸ்களை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரமாகும் என்று காத்திருந்தார்கள். பெரும்பாலோருக்கு ஆகவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஆயிரக்கணக்கானோர் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்தார்கள், உயர் நீதிமன்றம் தலையிட்டபின் பணிக்குத் திரும்பினார்கள். ஊதியம் பின்னர் 14,000 ஆனது. கொரோனாவுக்காக 2020-ல் தற்காலிகமாகச் சேர்ந்தவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது. மாற்றுப் பணி தருவதாக அரசு அறிவித்தது, அதன் பிறகுதான்.

அடுத்தது ஆள் கணக்கு. பொது மருத்துவமனையில் 5 படுக்கைக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 படுக்கைக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. 2022 ஜனவரி 12-ல் திருப்பூர் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆக, நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியை இனி 3 என்ற அளவால்தான் அளக்க வேண்டும்.

புதியவளிடம் ‘தைரியமா இரு’ என்று சொல்வது எளிது. வேலை நிலைக்குமா என்ற பயமும், கை போதாத வார்டும் இருக்கும்வரை தைரியம் எங்கிருந்து வரும்? மருத்துவமனை நிர்வாகத்தில் இருக்கும் முன்னாள் மாணவ நண்பர்களே, முதல் சில மாதங்கள் புது நர்ஸை இரவு ஷிப்டில் தனியே விடாதீர்கள். மூத்தவர் ஒருவரைக் கூடப் போடுங்கள். இன்றைய மாணவச் செல்வங்களே, வார்டில் சிஸ்டர் வரத் தாமதமானால், குரல் உயர்த்தும் முன் அங்குள்ள படுக்கைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.