கூட்டீஸ், பரட்டை, நம்ம தப்பு

1970களில் பங்க் இசை ஆரம்பித்தபோது அது அரசியையும் சர்ச்சையும் சர்க்காரையும் ஒரே மூச்சில் திட்டிய இசை. இருபது வருசம் கழித்து அமெரிக்காவில் சில சர்ச் பொடியன்கள் அதே மூணு கோர்டை எடுத்து ஆண்டவரைப் பாடினார்கள்.

வாஷிங்டன் மாநிலத்து பிரெமர்ட்டன் ஒரு கடற்படை ஊர். 1992இல் அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆரம்பித்த பேண்ட்தான் எம்எக்ஸ்பிஎக்ஸ். பிராண்டன் ஈபெல் 1993இல் தொடங்கிய டூத் அண்ட் நெய்ல் கம்பனி அவர்களின் முதல் ஆல்பத்தை 1994இல் வெளியிட்டது. 1998இல் ஏ அண்ட் எம் என்ற பெரிய கம்பனிக்குப் போய்விட்டார்கள். இதற்கு நடுவில், 1997இல், அவர்களில் சிலர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ‘த கூட்டீஸ்’ என்ற பெயரில் ஓர் ஆல்பம் போட்டார்கள்: ‘லெட்ஸ் ப்ளே ஹவுஸ்’. நம்ம ஊர் அம்மா அப்பா விளையாட்டுத்தான். ஒரு ஆல்பத்தோடு கதை முடிந்தது. தோட்டத்துப் பாஷையில் சொன்னால் இது கைக்காசு வேலை. பேர் போடுற வேலை வேறு, இது வேறு. ஆனால் மனுசன் தன் இஷ்டத்துக்கு வாசிப்பது பல நேரம் இந்த மாதிரி இடத்தில்தான்.

தமிழில் இப்படி யாராவது உண்டா என்று கேட்டால் எனக்கு ஒரே ஒரு பெயர்தான் ஞாபகம் வருகிறது. தியோபிலஸ் அப்பாவு (1940–2005). தொழிலுக்குப் போதகர், மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆசிரியர். பாட்டு என்று வந்தால் அவர் பேர் ‘பரட்டை’. பேரே பங்க்!

அவருடைய சண்டை சர்ச்சுக்குள்ளேயே நடந்தது. ஒரு பக்கம் வெள்ளைக்காரன் ராகத்தில் பாமாலை. இன்னொரு பக்கம் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து வந்த கர்நாடக ராகக் கீர்த்தனை. சபையில் பெரும்பாலானவர்கள் தலித் மக்கள், ஆனால் அவர்களுடைய பறையும் தெம்மாங்கும் பேச்சுத் தமிழும் வாசலுக்கு வெளியே. அப்பாவு அதையெல்லாம் உள்ளே கொண்டுவந்து, கிராமிய இசையிலேயே ஒரு முழு வழிபாட்டை அமைத்தார். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே உலையில் வேக வேண்டும் என்பது அவர் இறையியல். பாட்டைக் கேட்டவர்கள் சொல்லை மாற்றிப் பாடினாலும் அவருக்குச் சந்தோஷம். கீர்த்தனையில் அப்படிக் கைவைக்க விடுவார்களா? அமெரிக்க ஆராய்ச்சியாளர் சோயி ஷெரினியன் 2014இல் அவர் இசையைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

இதெல்லாம் பதுளைக்கு எதுக்கு? அந்தப் பறைதான் கோப்பிக் காலத்தில் நம்ம ஆட்களோடு மலையேறி வந்து தப்பு ஆனது. விடியக்காலம் பிரட்டுக்குக் கூப்பிட்டதும் அதுதான், காமன் கூத்துக்கு அடிப்பதும் அதுதான், சாவு வீட்டுக்கும் அதுதான். 1854இல் தொடங்கிய மிஷனுக்குப் பேரே ‘தமிழ்க் கூலி மிஷன்’. கூலியை உள்ளே கூப்பிட்டவர்கள் கூலியின் மேளத்தைக் கூப்பிடவில்லை. இப்போது சர்ச் பொடியன்கள் கையில் கிட்டார் வந்துவிட்டது, கீபோர்டும் டிரம் செட்டும் வந்துவிட்டன. கிட்டாரைத் தூக்கின கூட்டீஸிடம் யாரும் சாதி கேட்டிருக்க மாட்டார்கள். தப்பைத் தூக்குகிறவனிடம் லயத்தில் இன்னும் கேட்கிறார்கள்.

பசறையிலும் பண்டாரவளையிலும் பேண்ட் வைத்திருக்கிற தம்பி தங்கச்சிமாரே, கூட்டீஸைப் பிறகு கேட்கலாம், முதலில் பரட்டையைத் தேடிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு பாடற்குழுவில் தப்பு அடிக்கத் தெரிந்தவர் யார் என்று விசாரித்துப் பாருங்கள்.