படமும் பட்டியலும்

பள்ளிப் போட்டிகளுக்காக நம் மாணவர்கள் காணொளி தயாரிக்கும் காலம் இது. ஒரு மென்பொருளில் காட்சிகளை வெட்டி ஒட்டுகின்றனர். மற்றொன்றில் அசையும் தலைப்புகளை அமைக்கின்றனர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது படம் ஏன் மங்குகிறது என்று பெற்றோர் பலர் வினவுகின்றனர். இச்சிக்கல் கணினிக்கும் முந்தியது.

நமது காத்தோங் வழியே செல்லும் ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் கேத்தே கெரிஸ் படப்பிடிப்பு நிலையம் இருந்தது. லோக் வான் தோவும் ஹோ ஆ லோக்கும் 1953ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனம் அது. சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன், 'ஓராங் மினியாக்' (1958) முதலிய மலாய்ப் படங்களை அந்நிறுவனத்துக்காக இயக்கினார்.

படச்சுருள் காலத்தில் தொகுப்பாளர் மூல நெகடிவைத் தொடமாட்டார்; அதன் நகலையே வெட்டுவார். சுருளின் ஓரத்திலுள்ள எண்களைக் கொண்டு, பின்னர் நெகடிவ் அதே இடங்களில் வெட்டப்படும். ஆனால், காட்சியின்மீது எழுத்துகள் தோன்ற வேண்டுமெனில், பெரும்பாலும் 'ஆப்டிகல் பிரிண்டர்' என்னும் கருவியில் படத்தையே மறுபடியும் படம்பிடிக்க வேண்டும். நகலுக்கு நகல் எடுக்குந்தோறும் தெளிவு குன்றும். சுருங்கக் கூறின், எண்கள் பயணம் செய்தால் இழப்பில்லை. படம் பயணம் செய்தால் இழப்புண்டு.

ஒளிநாடாக் காலத்திலும் இதே வழி தொடர்ந்தது. 1971இல் அமெரிக்காவில் சிஎம்எக்ஸ் 600 என்னும் கணினித் தொகுப்புக் கருவி வெளிவந்தது. அந்நிறுவனத்தின் கருவிகள் வாயிலாக, எந்த நாடா, எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்று குறிக்கும் தொகுப்புப் பட்டியல் பரவியது. தமிழில் 'மகாநதி' (1994), அவிட் கணினித் தொகுப்பைக் கையாண்ட முதல் இந்தியப் படமாகக் குறிப்பிடப்படுகிறது.

தொகுப்புக்கான பிரீமியர் 1991இல் அடோபி நிறுவனத்திடமிருந்து வந்தது. அசைவு வரைகலைக்கான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 1993இல் கோசா என்னும் வேறொரு நிறுவனத்தில் பிறந்து, 1994இல் அடோபியின் கைக்கு வந்தது. 2006இல் வந்த 'டைனமிக் லிங்க்' வசதி, இடையில் புதிய கோப்பு உருவாக்காமலேயே இரண்டையும் இணைத்தது. இரு மென்பொருள்களும் ஒருசேரப் புரிந்துகொள்பவை மட்டுமே பட்டியல் வழியே கடக்கும் என்பதையும் மறத்தலாகாது. ஒன்றின் வண்ணத் திருத்தம் மற்றொன்றில் காணாமற்போகலாம்.

ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்க்கு மூன்று பழக்கங்களைக் கற்பிக்கலாம்:

1. மூலக் காட்சிகளைத் தனியே சேமித்தல். பணி தொடங்கியபின் கோப்புகளின் பெயரையோ இடத்தையோ மாற்றாதிருத்தல். பட்டியல் அவற்றைப் பெயரால்தான் தேடும்.
2. இயன்றவரை படத்தை அனுப்பாமல் பட்டியலை அனுப்புதல்.
3. படத்தையே அனுப்ப நேர்ந்தால் குறைவாகச் சுருக்கிய வடிவில் அனுப்புதல். இறுதியில் ஒருமுறை மட்டும் முழுமையாகச் சுருக்குதல்.

முதற்பழக்கமே தலையாயது. மூலம் அழிந்தால் பட்டியலால் பயனில்லை. கேத்தே கெரிஸின் புகழ்பெற்ற 'பொந்தியானாக்' (1957) படத்தின் பிரதி இன்று கிடைக்கவில்லை. எஞ்சிய அந்நிறுவனப் படங்கள் 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவற்றின் சுருள்களை எவரோ காத்து வைத்திருந்தமையாலேயே அது இயன்றது.