மகரந்தம் கூறும் மழை வரலாறு

சென்னையிலிருந்து பெங்களூருக்கு இருப்புப் பாதை வழியே செல்வோர், குப்பம் கடந்ததும் குடுபல்லி என்னும் சிறு நிலையத்தைக் காண்பர். சித்தூர் மாவட்டத்தின் மேற்கு மூலை அது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறம். கருங்கற் குன்றுகள், செம்மண், புளிய மரங்கள், கோடையில் வெடித்துக் கிடக்கும் ஏரிகள். இவற்றைச் சாளரத்தின் வழியே காணுந்தோறும், இந்நிலம் என்றும் இப்படியே வறண்டிருந்ததா என்னும் வினா நமக்கு எழுவதுண்டு. கல்வெட்டு, ஏரி வெட்டிய மன்னனைச் சொல்லும். அவனுக்கு ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே எந்த மரம் நின்றது என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்லவல்லது பூவின் மகரந்தம். பெரும்பாலான மகரந்தத் துகள்களில் இருபது முப்பதை ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் வரிசையாக அடுக்கிவிடலாம். அத்துணை நுண்ணியதாயினும் அதன் புறத்தோடு மிக உறுதியானது. மண்ணைக் கடுங்காரத்திலும் அமிலத்திலும் இட்டுக் கரைத்த பின்னரும் அத்தோடு எஞ்சும். அதன் வடிவையும் துளைகளையும் கொண்டு இன்ன செடியினம் என்று உணரலாம். ஏரியடியில் ஆண்டுதோறும் படியும் சேற்றை அடுக்கடுக்காக எடுத்து, துகள்களை எண்ணி, காடும் புல்வெளியும் மாறிய கதையை வரைவர். 1916ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட் இம்முறையை அறிஞர் அவையில் விளக்கினார். நம் நாட்டில் பீர்பல் சாஹ்னி 1946இல் லக்னோவில் தொல்தாவர ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தில் இத்துறைக்குப் பெரிதும் உழைத்தவர் தமிழரான தணிகைமணி. 1986 செப்டம்பரில் கராச்சியில் விமானக் கடத்தற்காரர் நிகழ்த்திய கொலைகளில் அவரும் மாண்டது நம் அறிவுலகிற்குப் பேரிழப்பு.

வறண்ட நிலத்தில் இம்முறையின் பெருஞ்சோதனை இராஜஸ்தானத்தில் நிகழ்ந்தது. ஜெய்ப்பூரில் வாழும் நேயர்கள் சாம்பர் உப்பேரியைக் கண்டிருக்கலாம். அதிலும் டீட்வானாவிலும், பிகானேரை அடுத்த லூண்கரன்சரிலும் குர்தீப் சிங் என்பார் சேற்றடுக்குகளை ஆராய்ந்தார். இன்று உப்பும் மணலுமாய்க் காணும் இடங்களின் அடியில் நீர்க்கரைச் சம்பின் மகரந்தமும், மாசிபத்திரி இனத்தின் மகரந்தமும் மிகுந்திருந்தன. கி.மு. 3000 முதல் 1800 வரை மழை செழித்ததென்றும், பின்னர் வறட்சி தோன்றியதென்றும், சிந்துவெளி நகரங்களின் உயர்வும் தாழ்வும் இதனோடு இணைந்தன என்றும் 1971இல் அவர் எழுதினார். நெடுநாள் தேடிய விடை கிடைத்ததெனப் பலர் மகிழ்ந்தனர்.

ஆயினும் மகரந்தம் நாள் குறித்துத் தருவதில்லை. நாள் குறிப்பது கதிரியக்கக் கரியளவு. 1999இல் வேறோர் ஆய்வுக் குழுவினர் லூண்கரன்சர் அடுக்குகளை நுணுக்கமாக அளந்து, அவ்வேரி முற்றும் வற்றியது சிந்துவெளி நகரங்கள் செழிப்பதற்கு ஆயிரம் ஆண்டுகள் முன்னரே என்று காட்டினர். வறண்ட காலத்திலேயே அந்நகர மக்கள் வாழ்ந்திருந்தனர் எனில், ஏரி வற்றியதால் நகரம் அழிந்ததென்ற எளிய கதை நில்லாது. அதற்கு மாறாக, ஹரியானாவின் கோட்லா தாஹர் என்னும் பழைய ஏரியில் நத்தை ஓடுகளை ஆராய்ந்தோர், ஏறத்தாழ 4,100 ஆண்டுகளுக்கு முன் பருவமழை குன்றியதென்று 2014இல் அறிவித்தனர். வழக்கு இன்னும் முடியவில்லை. குர்தீப் சிங் பிழை செய்தார் என்று நாம் கருதுவதற்கில்லை. அவர் எண்ணிய துகள்கள் உண்மையானவை, காலக்கணக்கே மாறிற்று.

குடுபல்லிக்கு வருவோம். அவ்வூர் ஏரிகள் போன்றவை கோடைதோறும் வற்றுவதால் சேற்றினுள் காற்றுப் புகுந்து மகரந்தத்தை அழித்துவிடும். என்றும் ஈரம் வற்றாத இடமே இதற்கு வேண்டும். தென்னாட்டில் அத்தகைய சேமிப்பு நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணில் உண்டு. இருபதினாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அடுக்குகள் அங்கே கிடைத்துள்ளன. ஆனால் அவை கூறுவது மலையுச்சிப் புல்லையும் சோலையையும் பற்றி. செம்மண் மேட்டின் புளியும் வேம்பும் அவற்றுள் இல்லை.