மல்லிகைச் செடியும் நம் தோட்டத்து வரலாறும்



வரலாறு என்றதும் நமக்குப் பரமேசுவராவும் மலாக்காவும்தான் நினைவுக்கு வரும். வீட்டு வாசலில் நிற்கும் மல்லிகைக்கும் வரலாறு உண்டு என்று சொன்னால், “பூச்செடிக்கு என்னங்க சரித்திரம்?” என்று சிரிப்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

லயத்து வாசலில்

1909-ஆம் ஆண்டில் இரயில் பாதை ஜொகூர் பாருவை எட்டியது. செகாமாட், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரங்களில் காடு அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் முன்னோர்கள் அங்கே பால்மரம் வெட்டினார்கள். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை, கங்காணிமார் ஆள் கட்டி அழைத்து வந்த காலம் அது.

அவர்கள் வெட்டிய மரம் கம்பெனியுடையது. குடியிருந்த லயமும் கம்பெனியுடையது. வாசலில் தங்கள் கையால் வைத்த செடியை மட்டும்தான் ‘நம்ம செடி’ என்று சொல்ல முடிந்தது. பின்பக்கம் முருங்கையும் கத்தரியும், முன்பக்கம் துளசியும் கனகாம்பரமும் மல்லிகையும் வளர்ந்தன. விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, வெயிலில் பால் தூக்கி வந்த பெண்கள், பொழுது சாயும் நேரத்தில் மொட்டுப் பறித்துத் தொடுத்தார்கள். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர் வீட்டிலும் இதே பூ உண்டு. அவர்கள் ‘மெலூர்’ என்பார்கள். சீனர்கள் இதன் மணத்தைத் தேயிலையில் ஏற்றிக் குடிக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் நாடோ 1934-இல் இதையே தன் தேசிய மலராக்கியது.

வாசனை போன கதை

இனி, சீமையில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கள். ‘சுவீட் பீ’ என்பது பட்டாணிக் குடும்பத்துக் கொடிப்பூ. நம் சங்குப்பூவுக்கு உறவு. 1699-இல் சிசிலித் தீவிலிருந்த குப்பானி என்ற துறவி, அதன் விதையை இங்கிலாந்தின் என்ஃபீல்டில் இருந்த இராபர்ட் உவடேலுக்கு அனுப்பி வைத்தார். உவடேலும் எங்களைப் போல் ஒரு பள்ளி ஆசிரியர்தான்! அந்தப் பூ உருவத்தில் சிறியது, மணத்தில் பெரியது. பின்னர் ஹென்றி எக்ஃபோர்டு என்பவர் அதைப் பெரிதாக்கினார். 1901-இல் சைலஸ் கோல் என்ற தோட்டக்காரர், இதழ் அலையலையாக மடிந்த பெரிய பூவைக் கண்காட்சியில் வைத்தார். அதன் பிறகு எல்லாருக்கும் பெரிய பூவின் மேல்தான் மோகம். புதிய வகைகள் பலவற்றில் வாசனை குறைந்து போனது. பழைய வகைகளின் விதையை விடாமல் எடுத்து வைத்தவர்களால்தான் அந்த மணம் இன்றும் உலகத்தில் இருக்கிறது.

சுவீட் பீ விதையை ஓர் உறையில் போட்டு அடுத்த பருவத்துக்கு எடுத்து வைக்கலாம். ஆனால் நம் அடுக்கு மல்லியில் விதை பிடிப்பது அரிது. கொம்பு நட்டோ பதியன் போட்டோதான் பெருக்க வேண்டும். அதனால், பாட்டி கொடுத்த கொம்பிலிருந்து வந்த செடி புதுச்செடி இல்லை. பாட்டியுடைய அதே செடிதான். கைமாற்றிக் கொடுக்க ஆளில்லாவிட்டால் அதன் கதை அத்தோடு முடிந்தது.

விட்டுவந்த செடி

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1977-இல் பாசிர் கூடாங் துறைமுகம் திறந்தது. 2006-இல் இஸ்கண்டார் வட்டாரத் திட்டம் தொடங்கியது. தோட்டங்கள் பல தாமான்களாயின. லோரியில் கட்டிலும் அலமாரியும் சாமி படமும் ஏறின. மல்லிகைச் செடி? எத்தனையோ லயத்து வாசல்களில் அது அப்படியே நின்று, மண்வாரி எந்திரத்துக்கு இரையானது. அடுத்த தோட்டத்துக்கும் இந்த நிலை வரலாம். முந்திக்கொள்ள வேண்டியவர்கள் நாம்.

செய்வது சுலபம். பென்சில் பருமனுள்ள கொம்பை மூன்று கணு இருக்குமாறு வெட்டி, ஈர மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். இல்லையென்றால் தாழ்ந்த கிளையை வளைத்து, கணுவின் அடியில் லேசாகச் சீவி, மண் மூடி, ஒரு செங்கல்லைப் பாரமாக வையுங்கள். நன்றாக வேர் விட்டதும் வெட்டிப் பிரிக்கலாம். வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. நம் ஜொகூர் மழையில் வேர் அழுகிவிடும். பூத்து ஓய்ந்ததும் நுனியைக் கவ்வாத்துச் செய்தால் புதுத் துளிரில் மொட்டு வரும். அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு பழைய வாளி போதும். அடியில் ஓட்டை போட மறந்துவிடாதீர்கள்.

மாணவர்களே, செடியோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வையுங்கள். கொம்பைக் கொடுத்தது யார், எந்தத் தோட்டத்துச் செடி, அவர்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று பாட்டியிடமும் அத்தையிடமும் கேட்டு எழுதுங்கள். நம் தோட்டங்களைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் வராத வரலாறு அந்த நோட்டில் இருக்கும். பாட்டி நன்றாக இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.