அமைதி யாருடைய சொத்து? சேலம் – நாமக்கல் சமவெளியில் சரவுண்ட் ஒலியும் தரச்சான்றும்

'டால்பி உசத்தியா, டி.டி.எஸ். உசத்தியா?' என்ற கேள்வியை ஒரு சிறுபத்திரிகையில் எழுப்பினால் சிரிப்பார்கள். "காசு இருக்கறவன் வீட்டு விளையாட்டுங்க அது, நமக்கெதுக்கு?" என்று தோழர்கள் கேட்பதும் காதில் விழுகிறது. தமிழ் சினிமாவின் பிம்பத்தைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். கட்-அவுட், சுவரொட்டி, நாயக உடல், ரசிகர் மன்றம் எல்லாவற்றையும் கட்டுடைத்தாயிற்று. ஒலி என்று வந்தால் மட்டும் வசனத்தோடு நின்றுவிடுவோம். அந்தச் சொல் எந்த அறையில், எத்தனை டெசிபலில், எந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கு என்று அளக்கப்படுகிறது என்பதைப் பொறியாளர்களிடம் விட்டுவிட்டோம். 'தரம்' என்ற சொல் அரசியல் கறை படியாததுபோல் உலவுவது இந்த இடத்தில்தான். தரச்சான்று ஒலிக்கு வழங்கப்படுவதுபோல் தோன்றினாலும் அது முதலில் கேட்பது ஒலியைச் சுற்றியுள்ள அமைதியை என்பது என் வாதம். அந்த அமைதி இந்தச் சமவெளியில் எல்லோருக்கும் கிடைக்கிற பொருளாக இருந்ததில்லை.

பேசும்படம் பிறந்தபோதே அமைதி ஒரு மூலதனமாகிவிட்டது. மௌனப்படத்துக்கு வெளிச்சம் போதும். பேசும்படத்துக்கு வெளிச்சத்த நுழையாத கூடம் வேண்டும். 1931இல் 'காளிதாஸ்' பம்பாயில் எடுக்கப்பட்டது. அதன் பிறகும் சில ஆண்டுகள் தமிழ்ப் படமெடுப்பவர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறினார்கள். 1930களின் நடுவில் சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. அதைக் கட்டிய டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுப் பெயரைத் தலைப்பெழுத்தில் சுமந்தவர். நூல் வணிகக் குடும்பத்துப் பிள்ளை. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் துணித்தொழில் படித்தவர். தறிச் சத்தத்தில் விளைந்த பணம் சத்தம் நுழையாத கூடமாக மாறியது என்பதை நம் சினிமா வரலாறுகள் தனிமனித சாதனையாக மட்டுமே எழுதிச் செல்கின்றன. 'சதி அகல்யா' 1937, மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' 1938, 'மந்திரி குமாரி' 1950, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956 என்று அந்தப் பட்டியல் நீளும். சுந்தரம் 1963இல் இறந்தார். 1980களில் ஸ்டுடியோ ஓய்ந்துபோய், இன்று சாலையோரம் அந்த வளைவு மிஞ்சியிருக்கிறது. வளைவைக் காப்பது பற்றி நிறையக் கூச்சல் கேட்டாயிற்று. அதற்குப் பின்னால் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடுவதில்லை.

அந்தக் காலத்து ஒலி ஒற்றை ஒலி. பிலிம் ஓரத்தில் ஓடும் ஒளித்தடத்தில் இரைச்சல் அதிகம் என்பதால், 1938இல் அமெரிக்காவில் வகுத்த 'அகாடமி வளைவு' உச்ச ஸ்தாயிகளை வெட்டிவிடச் சொன்னது. 8000 ஹெர்ட்ஸுக்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சாது. மனிதக் குரலின் சாரம் அதற்குக் கீழேயே அடங்கிவிடும். சலங்கையின் மினுக்கம் போகும், வசனம் நிற்கும். திராவிட இயக்கத்தின் வசன சினிமா இந்தக் குறுகிய வாசலுக்குள் ஏன் இவ்வளவு கச்சிதமாக நுழைந்தது என்று யோசிக்கலாம். கலைஞர் கருணாநிதி மாடர்ன் தியேட்டர்ஸுக்கு எழுதிய 'மந்திரி குமாரி' வசனங்கள் ஊர் ஊராய் மனப்பாடம் ஆனதற்கு மொழி மட்டும் காரணமில்லை. திரைக்குப் பின்னால் இருந்த ஒரே ஒலிபெருக்கிக்கு அதைவிடப் பொருத்தமான சரக்கு கிடையாது. பிறகு வந்த ஒலிச்சித்திர ரெக்கார்டுகள் கல்யாண வீட்டுக் குழாய் வழியாகவும் நோன்பிப் பந்தல் வழியாகவும் படத்தையே பார்க்காதவர்களுக்கும் படத்தைக் கேட்கக் கொடுத்தன. ஊரைச் சூழ்ந்த ஒலி என்றால் முதலில் அதுதான். எந்த லேபரட்டரியும் அதற்குச் சான்று கொடுத்திருக்காது.

இதைச் சொன்னதும் டூரிங் டாக்கீஸ் ஏக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஏக்கத்தை விற்கிற எழுத்து நம்மிடம் ஏராளம். தரை டிக்கெட் சமத்துவமாக ஒருநாளும் இருந்ததில்லை. ஒலியிலும் அப்படித்தான். அரங்கின் ஒலியைச் சீர்செய்வதற்கான சர்வதேச விதிமுறை, அளவு எடுக்கவேண்டிய முதன்மை இடத்தைத் திரையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் வைக்கிறது. நம்மூர் அரங்கில் அந்த இடம் முதல் வகுப்பு. தரையும் பெஞ்சும் திரைக்கு அடியில். அங்கே உட்கார்ந்தவனுக்குச் சத்தம் கூடுதலாகக் கிடைத்தது, சமன் செய்யப்பட்ட ஒலி கிடைக்கவில்லை.

ரே டால்பி 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில் இருந்தவர். 1965இல் லண்டனில் நிறுவனம் தொடங்கினார். அவர் முதலில் விற்றது சரவுண்ட் ஒலியன்று, இரைச்சல் நீக்கம். டேப்பின் 'ஸ்ஸ்' என்ற சீறலை அடக்கும் பெட்டி. அதாவது அமைதி. அந்த அமைதி கிடைத்த பிறகுதான் ஒளித்தடத்தின் இரண்டு வரிகளுக்குள் இடது, நடு, வலது, பின்புறம் என்று நான்கு ஒலிகளைப் பின்னி அடைக்க முடிந்தது. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' அதை உலகறியச் செய்தது. தமிழில் 1986இல் 'மாவீரன்' 70 எம்.எம்.மில் வந்தது, 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவில் வந்தது. 1996இல் 'கறுப்பு ரோஜா' டி.டி.எஸ்.ஸில் வந்தது.

இந்த டி.டி.எஸ். கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய விஷயம். ஹாலிவுட்டில் 1993இல் 'ஜுராசிக் பார்க்'கோடு அறிமுகமானது. டால்பி டிஜிட்டல் தன் ஒலியைப் பிலிமின் துளைகளுக்கு நடுவே அச்சிட்டது. டி.டி.எஸ்.ஸோ பிலிமில் நேரக்குறியை மட்டும் வைத்துவிட்டு ஒலியைத் தனிக் குறுந்தகட்டில் அனுப்பியது. பெட்டியோடு தகடும் வரும், ஆபரேட்டர் போடுவார், தகடு தடுமாறினால் பழைய ஒளித்தடத்துக்கு அதுவே மாறிக்கொள்ளும். இந்த எளிமை சிறுநகர அரங்குகளுக்கு ஒத்துவந்தது. சில வருடங்களில் நம் சுவரொட்டிகளின் அடியில் அரங்கின் பெயருக்குப் பக்கத்தில் 'ஏ/சி, டி.டி.எஸ்.' என்று போடுவது வழக்கமாயிற்று. மூன்றெழுத்து ஒரு அந்தஸ்து. கூரையில் எத்தனை ஒலிபெருக்கி உயிரோடு இருக்கிறது, நடு ஒலிபெருக்கி கிழிந்து எவ்வளவு நாளாயிற்று என்பதெல்லாம் அந்த மூன்றெழுத்துக்குள் அடங்காது. "டி.டி.எஸ்.னு போட்டிருக்குதுங்க, ஒண்ணும் கேக்கலீங்களே" என்று இடைவேளையில் கேட்டவர்கள் உண்டு. குறி ஒன்று, குறிக்கப்படும் பொருள் வேறொன்று. நம் அமைப்பியல் நண்பர்கள் சசூரை மேற்கோள் காட்டிச் சொன்னதை டீக்கடை வாசலில் ஜனங்கள் தாமாகவே சொன்னார்கள்.

அரங்கிலிருந்து வீட்டுக்கு வருவோம். 1990களின் கடைசியில் இங்கே வீட்டு சினிமா என்றால் வி.சி.டி. அதில் இருந்தது விநாடிக்கு 224 கிலோபிட் ஸ்டீரியோ ஒலி, அவ்வளவுதான். ஆனால் கடைத்தெருவில் அதோடு சேர்த்து 5.1 பெட்டிகள் விற்றன. பெட்டியின் நெற்றியில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் எண் இருக்கும். எந்த நிறுவனமும் ஒப்புக்கொண்ட அளவீட்டு முறை அதற்குப் பின்னால் கிடையாது. சுவரிலிருந்து இழுக்கிற மின்சாரத்தைவிடப் பல மடங்கு பெரிய எண்ணை அட்டையில் அச்சிடலாம். ஏழையின் தரச்சான்று அது. 2006இல் தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது இந்தச் சமவெளியின் வீடுகளுக்கு வந்தது 14 அங்குலப் பெட்டி, சின்ன ஒலிபெருக்கி. 'மந்திரி குமாரி'க்கு எழுதியவரே முதல்வராக இருந்து அனுப்பிய பெட்டியில் மறுபடியும் குரல்தான் கேட்டது. இதில் கேலி செய்ய எதுவுமில்லை.

டி.வி.டி. வந்தபின் கேள்வி கூர்மையானது. அதில் டால்பி டிஜிட்டலுக்கு உச்சவரம்பு விநாடிக்கு 448 கிலோபிட். டி.டி.எஸ். 1509 வரை போகும். பெரும்பாலான தகடுகளில் பாதி, 754. எண்ணைப் பார்த்தே தீர்ப்பெழுதிவிட்டார்கள். இரண்டும் ஒலியைச் சுருக்கும் முறை வேறு. ஒன்றின் பிட்டை இன்னொன்றின் பிட்டோடு நேரே எடைபோட முடியாது. அதைவிட முக்கியமானது: டால்பி தகட்டுக்குள் வசன அளவைக் குறிக்கும் ஒரு எண் ஒளிந்திருக்கிறது. எல்லாப் படத்திலும் வசனம் ஒரே உயரத்தில் ஒலிக்கவேண்டும் என்பதற்காக ரிசீவர் அந்த எண்ணைப் படித்து மொத்த ஒலியையும் இறக்கிவிடும், பல படங்களில் 4 டெசிபல். பக்கத்தில் வைத்துக் கேட்டால் டி.டி.எஸ். ஓங்கி ஒலிக்கும், ஓங்கி ஒலிப்பது நல்லதென்று காது நம்பும். ஒலியளவைச் சமப்படுத்தாமல் செய்த ஒப்பீடுகளில்தான் பாதி 'நிபுணத்துவம்' நிற்கிறது. இரவில் வெடிச்சத்தத்தை அமுக்கி முணுமுணுப்பை உயர்த்தும் வசதியும் டால்பிக்குள் உண்டு. அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கிறது என்பதை நினைத்துச் செய்த ஒரே ஏற்பாடு அதுதான் என்று எனக்குப் படுகிறது. விற்பனைப் பேச்சில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. ப்ளூ-ரேயில் டால்பி ட்ரூஎச்.டி.யும் டி.டி.எஸ்.-எச்.டி. மாஸ்டர் ஆடியோவும் மூலத்தை ஒரு பிட்கூடக் குறையாமல் திருப்பித் தருகின்றன. எனவே அங்கே சண்டையே முடிந்துவிட்டது. முடிந்ததை யாரும் அறிவிக்கவில்லை.

டி.எச்.எக்ஸ். இவற்றோடு சேராது. அது ஒலிவடிவமே கிடையாது, வெறும் சான்று. 1983இல் லூகாஸ்ஃபிலிமில் டாம்லின்சன் ஹோல்மன் உருவாக்கியது. எந்த வடிவத்தில் ஒலி வந்தாலும் சரி, அறை எப்படியிருக்க வேண்டும் என்று அது சொல்லும். ஆள் யாரும் பேசாதபோது அரங்கின் பின்னணி இரைச்சல் 'என்.சி. 30' என்ற கோட்டைத் தாண்டக்கூடாது. தோராயமாக நூலக அமைதி. ஒவ்வொரு ஒலிபெருக்கியும் 85 டெசிபலுக்குச் சீர்செய்யப்பட்டு, உச்சத்தில் 105 டெசிபலைத் திரியாமல் தரவேண்டும். வீட்டுக்கு வந்தபோது இது கன அடியாக மாறியது: 2000 கன அடி அறைக்கு 'செலக்ட்', 3000 கன அடிக்கு 'அல்ட்ரா'. 3000 கன அடி என்றால் பத்தடி உயரத்தில் இருபதுக்குப் பதினைந்து அடி. நம் சமவெளியில் ஒரு குடும்பம் மொத்தமாகக் குடியிருக்கிற இடம். சான்றிதழில் வேலைக்காரர், பாட்டி, தொட்டில், அடுப்படி எதுவும் வராது.

ஒலிபெருக்கிகளை எங்கே வைப்பது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1992இல் ஒரு வரைபடம் தந்தது. நடுவே ஒரு தலை. அதிலிருந்து இடமும் வலமும் 30 பாகை, பின்பக்கம் 110 பாகை. எல்லாம் ஒரே தூரம். அந்த ஒற்றைத் தலை யார்? பாய் விரித்துப் பத்துப் பேர் சாய்ந்து பார்க்கிற கூடத்தில் அப்படியொரு மையமில்லை. இருந்தால் அங்கே அப்பாதான் உட்காருவார். 2012இல் அட்மாஸ் வந்தது, அதே ஆண்டு 'சிவாஜி'யின் முப்பரிமாண வடிவம் அட்மாஸ் ஒலியோடு வெளியானது. 2014 முதல் அது வீட்டுக்கும். மேலே ஒலிபெருக்கி பதிக்க முடியாதவர்களுக்கு, கூரையை நோக்கிப் பாடி எதிரொலியால் மழை பெய்விக்கிற பெட்டி விற்கிறார்கள். அதற்குக் கூரை தட்டையாகவும் ஒலியைத் திருப்பியனுப்புவதாகவும் இருக்கவேண்டும். ஓட்டு வீட்டின் சரிவு அந்த மழையை வேறெங்கோ கொட்டிவிடும். ஒலிவடிவத்துக்குள் ஒரு கான்கிரீட் வீடு மறைந்திருக்கிறது என்றால் மிகையில்லை. இதற்கிடையே தகட்டின் அட்மாஸும் இணையவழிப் படத்தின் சுருக்கப்பட்ட அட்மாஸும் கைபேசியின் அட்மாஸும் ஒரே முத்திரையோடு வருகின்றன. சுவரொட்டியின் 'டி.டி.எஸ்.' உலகச் சந்தைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது!

இப்போது இளம்பிள்ளைக்கோ பள்ளிபாளையத்துக்கோ குமாரபாளையத்துக்கோ வாருங்கள். விசைத்தறிக் கூடமும் வீடும் ஒரே சுவர். ஷிப்டு மாறும், தறி நிற்காது. கூடத்துக்குள் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். ஒருத்தருக்கொருத்தர் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. சினிமாக்காரர்கள் 'ரெஃபரன்ஸ்' என்று போற்றுகிற 85 டெசிபல் இங்கே கூடத்தின் அடிப்படை இரைச்சலைவிடக் கீழே. அங்கே இரண்டரை மணிநேரம், அதுவும் விட்டுவிட்டு. இங்கே பன்னிரண்டு மணிநேரம், ஒரே சீராக. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன. கூடமும் குடியிருப்பும் ஒன்றாயிருக்கும் தெருவை எந்தப் பட்டியலில் வைப்பது? தொழிற்சாலை விதிகள் எட்டு மணிநேரத்துக்கு 90 டெசிபல் என வரம்பிட்டன. ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விசையோடு பத்துப் பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலை. நாலு தறி, ஆறு தறிக் கூடம் அதற்குள் வராது. 2020இன் புதிய தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக்கியது. சத்தம் குறையவில்லை, சட்டத்தின் காது தள்ளிப்போனது.

அரசு வீட்டு ஒலிக்கருவிகளுக்குச் சான்று கேட்காமலில்லை. 2012 ஆணைப்படி 200 வாட்டும் அதற்கு மேலும் மின்சாரம் எடுக்கும் மின்னணு இசைக்கருவித் தொகுப்புகள் ஐ.எஸ். 616 தரத்தில் பதிவு செய்யப்படவேண்டியிருந்தது. அது பாதுகாப்புத் தரம்: ஷாக் அடிக்கக்கூடாது, தீப்பிடிக்கக்கூடாது. எப்படி ஒலிக்கிறது என்பதில் அது தலையிடாது. மேட்டுக்குடியின் சான்றுகள் அத்தனையிலும் இல்லாத ஒரு நேர்மை இதில் இருப்பதாக நினைக்கிறேன். கேட்பவன் உயிரோடு இருக்கவேண்டும் என்பதிலிருந்தாவது அது தொடங்குகிறது.

தறிக்கூடத்து இளைஞர்கள் இன்று படம் பார்ப்பது கைபேசியில். ஓட்டத்திலேயே காதில் இயர்போன், பாட்டு, சில சமயம் முழுப்படத்தின் வசனம். தறிக்கு மேல் கேட்கவேண்டுமானால் தறியைவிட உரக்க வைத்தாகவேண்டும். உலகச் சுகாதார நிறுவனமும் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட பாதுகாப்பான கேட்டல் தரம், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணிநேரம் என்று கணக்கு வைக்கிறது. அந்தக் கணக்கில் இயர்போனின் ஒலி மட்டுமே வரும். காதுக்கு வெளியே ஓடும் தறி வராது. ஒலியைக் கூட்டும்போது கைபேசித் திரையில் எச்சரிக்கை ஒன்று வந்து நிற்கும். "அது எப்பவும் வருமுங்க" என்று 'சரி'யை அழுத்திவிட்டு, அறுந்த இழையை முடிச்சுப்போடப் போய்விடுகிறார்கள்.