வீழ்ந்த வீரனும் நட்ட கல்லும்

போரில் இளமையிலேயே மாண்ட ஒரு வீரனை அவன் சமூகம் எவ்வாறு நினைவிற் கொள்கின்றது என்னும் வினா வரலாற்று மாணவருக்குச் சிறு வினாவன்று. அரசரின் ஆட்சியாண்டுகளையும் படைத்தலைவரின் வெற்றிகளையும் நூல்கள் எளிதிற் காத்துத் தருகின்றன. ஏவலுக்கிணங்கிக் களம் புகுந்து மீளாது போன இளைஞனின் பெயரோ, பெற்றோரின் நினைவோடு மறைந்துவிடுவதே உலகியல்பு. அம்மறைவைத் தடுக்கத் தமிழர் பண்டு தொட்டுக் கைக்கொண்ட கருவி கல்லாகும். அக்கல்லின் வரலாற்றை, வன்னிநாட்டு நெடுங்கேணியையும் அதன் அயலையும் கண்முன் நிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பியப் புறத்திணையியல், வீழ்ந்தார்க்குக் கல்லெடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு படிகளாக வகுத்துரைக்கின்றது. தக்க கல்லைத் தேடிக் காண்பது முதல், நட்ட கல்லை வாழ்த்துவது வரை ஊரார் பலர் கூடிச் செய்யும் வினை இது. இவ்விலக்கணம் வெறும் புலவர் கற்பனையன்று என்பதற்குக் கல்வெட்டுச் சான்றுகள் உண்டு. 2006 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கண்டெடுக்கப்பட்ட நடுகல்லொன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோட் பூசலில் இறந்த அந்தவன் என்பானின் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்திற் கூறுகின்றது. அவ்வெழுத்தின் காலம் கிறித்துவுக்கு முற்பட்டதென அறிஞர் கருதுவர். அந்தவன் முடியுடை வேந்தனல்லன். ஆநிரை பற்றிய பூசலில் இறந்த ஒரு வீரன். ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவன் பெயர் நிலைத்து நிற்கின்றது.

செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34 ஆம் ஆட்சியாண்டில் எழுந்த நடுகல் இன்னும் வியப்புக்குரியது. தொறுப் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, அவனுடைய கோவிவன் என்னும் நாயும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாக அக்கல் உரைக்கின்றது. நாயின் நன்றியையும் பெயர் சுட்டி எழுதிய சமூகம், மனிதனின் பெயரை மறப்பது தகாதென்று எண்ணியதில் வியப்பில்லை. இன்னார், இவ்விடத்தில், இன்னது பற்றி இறந்தார் என்னும் மூன்று செய்திகளே இக்கற்களின் உயிர்நிலை. புகழுரை அவற்றுக்குப் பின்னரே வருவது.

இனி, ஈழநாட்டிற்கு வருவோம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளனைத் துட்டகைமுனு போரில் வென்று கொன்றான். வென்றவனே தோற்றவனுக்கு உரிய ஈமக்கடன் ஆற்றி, அவ்விடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பி, அதனைக் கடப்போர் வாத்திய ஒலியை நிறுத்தி வணங்குதல் வேண்டும் என ஆணையிட்டான் என்று மகாவம்சம் கூறுகின்றது. 1818 ஆம் ஆண்டின் கண்டிக் கிளர்ச்சி தோல்வியுற்றபோது, தப்பியோடிய பிலிமத்தலாவை என்னும் பிரதானி, களைப்புற்றிருந்தும் அவ்விடத்துக்கருகிற் பல்லக்கினின்று இறங்கி நடந்தே சென்றான் என்பதும் பதிவாகியுள்ளது. பகைவனுக்குச் செய்த மரியாதை ஈராயிரம் ஆண்டளவு இந்நாட்டில் நின்று நிலவியது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டானுக்குச் செல்லும் வழிக்கு அண்மையதாகிய கற்சிலைமடுவில் இதனோடு ஒப்பிடத்தக்க ஒரு நிகழ்ச்சி உண்டு. 1803 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25 ஆம் நாள் பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயரின் அரசாங்க மனையைத் தாக்கிக் கைப்பற்றினான். அங்கிருந்த படையதிகாரி டிறிபேர்க் படகேறி யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கினான். மீண்டும் படை திரட்டி வந்த அவனே, அவ்வாண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள் கற்சிலைமடுவில் வன்னியன் படையை எதிர்பாராது தாக்கி முறியடித்தான். இவ்வெற்றியைக் குறித்து ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் அங்கு ஒரு கல் நாட்டப்பட்டது. வென்றவர் தம் வெற்றிக்கு எழுப்பிய அக்கல்லே, காலப்போக்கில் தோற்றவனின் நினைவுக்கல்லாக மக்களாற் போற்றப்படலாயிற்று. கல்லை நட்டவர் கருத்து ஒன்று. அதன்முன் நின்றவர் உள்ளம் கொண்டது மற்றொன்று. எனினும் அக்கல்லில் இடம்பெற்றவை தலைவர் இருவரின் பெயர்களே. அன்று வன்னியனோடு நின்று மடிந்த இளைஞர் யாவர் என்பதற்கு அதில் விடையில்லை. புலிமான்கோம்பைக் கல் செய்த பணியைக் கற்சிலைமடுக் கல் செய்யவில்லை.

உலகின் பிற பகுதிகளிலும் சாதாரண வீரனின் பெயரைக் காக்கும் முயற்சி உண்டு. பண்டை ஏதென்ஸ் நகரத்தார், போரில் இறந்தோர் பெயர்களைக் குலங்குலமாகக் கற்பலகைகளிற் பொறித்தனர். முதலாம் உலகப் போரின்போது, 1917 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பேரரசுப் போர்க் கல்லறை ஆணைக்குழு, படைத்தலைவனாயினும் கடைநிலை வீரனாயினும் ஒரே வகையான கல்லே வைத்தல் வேண்டும் என்னும் நெறியை மேற்கொண்டது. திருக்கோணமலையிலுள்ள போர்க் கல்லறையில் அந்நெறியை நாம் நேரிற் காணலாம்.

அண்மைக்கால வரலாறு நெடுங்கேணியையே போர்க்களமாக்கியது. யாழ்ப்பாணத்துக்குத் தரைவழிப் பாதை திறக்கும் நோக்கோடு 1997 மே 13 ஆம் நாள் இலங்கைப் படையினர் 'ஜெயசிக்குறு' நடவடிக்கையைத் தொடங்கினர். நெடுங்கேணி அவர்கள் வசமாயிற்று. 1999 நவம்பரில் விடுதலைப் புலிகள் 'ஓயாத அலைகள் மூன்று' என்னும் தாக்குதலால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணி முதலிய இடங்களை மீளக் கைப்பற்றினர். இவ்வாறு கைமாறிய இம்மண்ணில் இரு தரப்பு இளைஞரும் வீழ்ந்தனர். ஒரு தாய் வன்னிக் குடிலிலும், மற்றொரு தாய் தென்னிலங்கைச் சிற்றூரிலும் அழுதாள். இருவர் மொழியும் வேறு, இழப்பு ஒன்றே.

தென்னிலங்கைத் தாயின் மகனுக்கு அரசின் நினைவுத்தூபிகள் உள. வன்னித் தாயின் மகனுக்கோ துயிலும் இல்லங்கள் இருந்தன. இறந்தோரை எரியூட்டுவதே பெருவழக்காகிய சைவச் சமூகத்தில், 1990 களில் போராளிகளின் உடல்கள் புதைக்கப்பட்டுக் கல்லறைகள் எழுந்தன. உடல் கிட்டாதோர்க்கு நினைவுக்கற்கள் வைக்கப்பட்டன. 2009 இற் போர் முடிந்தபின் இவை இடித்தழிக்கப்பட்டன. கோப்பாயில் அந்நிலத்தின்மேல் 2011 இற் படைத் தலைமையகமே திறக்கப்பட்டது. 2016 நவம்பரிற் கிளிநொச்சி கனகபுரத்தில் மக்கள் மீண்டும் கூடி விளக்கேற்றியபோது, பலருக்குத் தம் பிள்ளையின் கல் எங்கிருந்தது என்பதே தெரியவில்லை. உடைந்த துண்டுகளுக்கிடையே ஓரிடத்தை மனத்தாற் குறித்து நின்றனர். துட்டகைமுனுவின் ஆணையைப் பெருமையோடு கூறும் நாட்டில் இது நிகழ்ந்தது. போரின் பின் அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும், தேசிய தினத்தில் இறந்தோர் அனைவருக்குமாக ஒரு நிகழ்வு நடத்துதல் வேண்டுமென 2011 இல் விதந்துரைத்தது.

எனினும், நினைவுகூர்தல் என்பது உண்மையை மறைப்பதாயிருத்தல் ஆகாது. வீழ்ந்தோருள் தாமே விரும்பிச் சென்றோரும் உண்டு; பதினெட்டு வயது நிரம்பாதவரும், இறுதிப் போர்க்காலத்திற் கட்டாயமாகக் கொண்டு செல்லப்பட்டவரும் உண்டு. அனைவரையும் ஒரே புகழ்ச்சொல்லில் அடக்கிவிடின், அவ்விளைஞனுக்கு நாம் இரண்டாம் முறை அநீதி இழைத்தவராவோம். அவன் எவ்வாறு சென்றான் என்பதும் அவன் வரலாற்றின் ஒரு பகுதியே. எடுத்தனூர்க் கல் நாயின் செயலை உள்ளவாறு எழுதியது போல, நாமும் நிகழ்ந்ததை உள்ளவாறு எழுதுதல் வேண்டும்.

ஆதலின், இளம் வீரனுக்குச் செய்யத்தக்க முதன்மையான மரியாதை அவன் பெயர், வயது, ஊர், வீழ்ந்த இடம் ஆகியவற்றைப் பிழையின்றிப் பதிவதேயாம். கல் உடைபடலாம், தூபி இடிபடலாம். பல படிகளாக எழுதி வைக்கப்பட்ட பெயர்ப்பதிவை அழித்தல் எளிதன்று. நம் கல்லூரி மாணவர் தத்தம் ஊர் முதியோரிடம் சென்று, எத்தரப்பில் நின்று இறந்தோராயினும் அவர்தம் விவரங்களைக் கேட்டெழுதுவாராயின், அது பண்டைக் காட்சியும் கால்கோளும் போன்றதொரு பணியாகும். கேட்டெழுதக் காலம் குறுகியே உள்ளது; மகனின் வயதைச் சொல்ல வல்ல தாய்மார் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அந்தவனின் பெயரைக் காத்தவர் யாரென நாம் அறியோம். அவன் பெயரை அறிவோம். நம் காலத்து இளைஞர்க்கும் அவ்வளவேனும் செய்தல் நம் கடன்.